நாலு சதுக்கம் தாண்டும்வரை

பேராலயத்தின் மேற்கு வாசலில் சுற்றிப்பார்க்க வந்த கூட்டம் சேர்ந்துவிட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள்; வழிகாட்டிக்கு வாயைத் திறக்கத்தான் பயமாக இருந்தது. தொண்டையில் முளைத்திருந்த கட்டியை எடுத்த பிறகு, கோடை முழுவதும் மருத்துவர் அவளைப் பேசவே விடவில்லை. பயப்படும்படியான கட்டி இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தபோது, அந்த நிம்மதியைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாமல் சமையலறைச் சுவரில் சாய்ந்து அழுதாள். அப்புறம் வீட்டில் எல்லாமே சைகைதான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் கையை ஆட்டினால், "இப்ப நீ உப்பு கேக்குறியா, என்னை வெளிய போகச் சொல்றியா?" என்பார்.

சதுக்கங்களில் ஒலிபெருக்கி வைக்க அனுமதி கிடையாது. தொண்டைதான் மூலதனம். குரல் தாக்குப்பிடிக்காவிட்டால் அலுவலகத்துக்குள் ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் பக்குவமாகச் சொல்லியிருந்தார். அந்தப் பக்குவம்தான் அவளை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. வரவே கூடாது என்று கண்டித்துச் சைகை காட்டியும், வெயிலே இல்லாத காலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கணவர் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார்.

பழைய மீன்சந்தைச் சதுக்கத்தில், யாரோ இரவல் கொடுத்த குரல்போலத் தணிந்து வந்தாலும் பேச்சு தடைபடவில்லை. கல்தச்சர்கள் குடியிருந்த அடுத்த சதுக்கத்தில், கோபுரத்தைக் காட்டி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தாள். பாதியில் வெறும் காற்றுதான் வந்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"மேடம், ஒரு சந்தேகம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "லிஃப்ட் இல்லாத காலத்துல இவ்வளவு பெரிய கல்லை எப்படி மேல ஏத்துனாங்க?"

பதிலுக்குக் காத்திராமல், கயிறு, சக்கரம், மாடு, ஆள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கை வீசிக் கணவரே விளக்கத் தொடங்கினார். அவள் திரும்பி நின்று தண்ணீர் குடித்தாள். தொண்டை இளகியது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் தொல்லை. அவள் மூச்சு வாங்க நின்றாலும் அவர் விடவில்லை. இந்தக் கதவுக்கு யார் எண்ணெய் போடுவார்கள், மேலே இருக்கும் சிலைக்குத் தலை சுற்றாதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது சதுக்கத்தில், குடையை ஊன்றி நடந்துவந்த அம்மாள் ஒருவர் நின்று திரும்பினார்.

"தம்பி, நீங்களே பேசிட்டிருந்தா அந்தப் பொண்ணு எப்பப் பேசும்? வீட்டுலயும் இப்படித்தானா? உங்க பொண்டாட்டி பாவம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவ வாயத் தொறந்தே ரொம்ப நாளாச்சும்மா."

வழிகாட்டிக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. சத்தமாக, வயிறு குலுங்க, சுவரில் பட்டுத் திரும்பும்படியான சிரிப்பு. சிரித்த பிறகுதான் பகீரென்றது. பேச்சைவிடச் சிரிப்பைத்தான் மருத்துவர் அதிகம் தடுத்திருந்தார். கழுத்தில் கை வைத்து, வலி வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. எச்சில் விழுங்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"அந்தப் பாவம் நான்தாம்மா" என்றாள். குரல் அவளுடையதாகவே இருந்தது.

குடைக்கார அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப சரி" என்று முன்னால் நடந்தார்.

கடைசிச் சதுக்கம் எல்லாவற்றையும்விடப் பெரியது. பேராலயத்தின் முதுகுப்பக்கம் முழுவதும் அங்கிருந்து தெரியும். படியில் ஏறி நின்று, "பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்குதா?" என்று கேட்டாள். கணவர் கையைத் தூக்கினார். பத்தடி பின்னால் போய் மறுபடியும் தூக்கினார். அவள் பழைய கூரையை எரித்த தீவிபத்தைச் சொன்னாள், மீண்டும் எழுந்த கூரையைச் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் இன்னும் கொஞ்சம் பின்வாங்கி, சதுக்கத்தின் எதிர் ஓரம்வரை போய்விட்டார். அங்கே சாலையோரத்தில் கையை உயர்த்தியபடியே அவர் நிற்க, வந்துகொண்டிருந்த பேருந்து ஒன்று வேகத்தைக் குறைத்து, அவர் பக்கத்தில் நின்று, கதவைத் திறந்தது.