வெளிச்சவீட்டின் இடைவெளிகள்

முல்லைத்தீவு வெளிச்சவீட்டைப் பற்றிய என் கட்டுரையில், காற்று ஊடறுத்துப் போக இடைவெளி விட்டுக் கட்டியது என்று ஒரு வசனம் இருந்தது. கல்லை அடுக்காமல், வெறும் மணலில் இரும்புச் சட்டங்களைப் பூட்டி வெள்ளைக்காரன் எழுப்பிய கோபுரம். அதில் ஒருநாளும் ஏறாமல் எழுதியதைக் கொழும்பு நூதனசாலை வேலைக்கான நேர்முகத்துக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

என்னைப் பஸ் ஏற்றிவிட வந்த அண்ணை சிற்றம்பலம் என் பையோடு சைக்கிளில் சாய்ந்து நின்றார். நான் வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்காது. பெற்ற ஐயாவே ஓம் என்றதால் வாய் திறக்காமல் இருந்தார். பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு, ஏறிப் பாரன் என்று அவரே சொன்னபோது நான் யோசித்திருக்க வேண்டும்.

காவலாளி மீராசாகிபு கதவைத் திறந்துவிட்டு, கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஏன் என்று பாதி வழியில்தான் விளங்கியது. படிகள் வெறும் இரும்புக் கம்பிகள். கீழே நின்று அண்ணாந்தால் சேலைக்குள் எல்லாம் தெரியும்.

மேலே விளக்கைச் சுற்றி வந்தேன். சட்டங்கள் குறுக்கும் மறுக்குமாக ஒன்றையொன்று தாங்கும் விதத்தைத் தாளில் கீறிக்கொண்டேன். எட்டிப் பார்த்தால் கீழே கரைவலை இழுக்கும் மீனவர் அவ்வளவு பேரும் அண்ணாந்து நின்றார்கள். குமர்ப்பிள்ளை ஒருத்தி குதிக்கப் போகிறாள் என்று எவனோ சொல்லியிருக்கிறான். குதிக்க மாட்டேன் என்று தெரிந்த பிறகும் ஒருவனும் நகரவில்லை.

"தங்கச்சி, அங்கயிருந்து மாப்பிளை தெரியுதோ?" என்று ஒருவன் கேட்டான். சிரிப்பு.

மீராசாகிபு அவர்களைப் போகச் சொல்லிக் கெஞ்சினார். அண்ணையைக் கூப்பிட்டு, இவர்களை அனுப்புங்கோ என்றேன்.

"சனம் போனாப் பிறகு ஆறுதலா இறங்கு, பிள்ளை" என்றார் அண்ணை.

தெருவில் பஸ் வந்து நின்றது. அண்ணையும் கண்டார். கண்டுவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். இந்த மனிசன் என்னை மறிக்கவே தேவையில்லை, நான் வெட்கப்பட்டால் போதும்.

எங்கள் வயலில் நாற்று நடும் பெண்கள் செய்வதுபோல, நேர்முகத்துக்கென்று உடுத்த புதுச் சேலையைக் கால்களுக்கிடையால் இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினேன். இறங்கினேன். முழங்கால் தெரிந்தது. பார்க்கட்டும். சிரிப்பு நின்றுபோனது, பார்வை நிற்கவில்லை.

"இனி உன்னை எவனடி கட்டுவான்?" என்றார் அண்ணை.

"பையைத் தாங்கோ."

தரவில்லை. பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

பஸ் புறப்பட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின் சீற்றில் அண்ணை இருந்தார். சைக்கிளைக் கடற்கரையிலேயே போட்டுவிட்டு ஏறியிருக்கிறார். நான் காசை எடுக்க முதல், கொண்டக்டரிடம் இரண்டு பேருக்கும் வவுனியாவுக்கு டிக்கட் எடுத்தார். அங்கிருந்து ரெயிலிலும் வருவாராம். நேர்முகம் நடக்கும் அறை வாசலிலும் நிற்பாராம்.