பதினாலாம் நம்பர் பாட்டில்

சமையலறை ஜன்னல் மேடையில் இருபத்திரண்டு பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஊறுகாய் ஜாடியும் புளி டப்பாவும் இடமில்லாமல் ஃப்ரிட்ஜ் மேல் ஏறியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு சாய்மா வந்து பார்த்தபோது மூன்று பாட்டில்கள் கறுத்திருந்தன.

நாலு. எட்டு. பதினாலு.

பதினாலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நல்ல டிகாக்ஷன் நிறம். மேலே எழுதியிருந்த எண்ணை இன்னொரு முறை பார்த்தாள். அவள் கையெழுத்துதான்.

“இன்னாடி, காலங்காத்தால அதுங்களோட பேசிக்கினு கீற?” என்றாள் அம்மா ஜமீலுன்னிசா. “நாலு மணிக்கு ரெஹான் அம்மா வராங்க. அதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடு. போன மாசம் பக்கத்து வூட்டுக்காரி வந்து சர்பத்தான்னு கேட்டா.”

சாய்மா மைக்ரோபயாலஜி படித்தவள். அடையாறில் ஓர் ஆய்வகத்தில் வேலை. போன வருஷம் திருவான்மியூரில் கடலோரத் தெரு ஒன்றில் ஒரே வாரத்தில் பதினோரு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. அன்றிலிருந்து அவளும் தோழி ஜெயலக்ஷ்மியும் மாதம் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய், கை பம்பு, வீடுகளின் தரைக்கடித் தொட்டியான சம்ப், தண்ணி லாரி என்று ஒன்று விடாமல் தண்ணீர் பிடித்து வருகிறார்கள். பாட்டிலுக்குள் மருந்து தடவிய ஒரு துண்டுத் தாள் இருக்கும். தண்ணீர் பிடித்து இரண்டு நாள் வைத்தால் போதும். சாக்கடை கலந்திருந்தால் கறுத்துவிடும்.

கறுத்ததை என்ன செய்வது என்பதற்கு ஒரு விதி உண்டு. தெருவில் எல்லார் முன்னாலும், எங்கே பிடித்தது என்று பெயரோடு படிக்க வேண்டும். ஒரு மாடிவீட்டுக்காரர் மாம்பழக் கூடையோடு வந்து, “எங்க சம்ப்பை மட்டும் விட்டுடும்மா” என்று கேட்டபோது எழுதிய விதி அது. எழுதியவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசும் சாய்மா. மாம்பழம் திரும்பிப் போனது. சம்ப் படிக்கப்பட்டது.

பதினாலு, ரெஹானின் லாரி.

மற்ற டிரைவர்கள் எல்லாம் அவளை விரட்டியபோது லாரியை நிறுத்தி இறங்கி, “எவ்ளோ வேணுமோ புடிச்சுக்கோங்க” என்றவன் ரெஹான். அவனுக்கு இருப்பது அந்த ஒரு லாரி. அதைக் கழுவி வைத்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு பெருமை. ஒரு வருஷமாக அவனோடு பேசிப் பேசித்தான் சாய்மாவுக்குச் சத்தமாகச் சிரிக்கவே வந்தது. அத்தாவும் அம்மாவும் சம்மதித்து, இன்று சாயங்காலம் அவன் அம்மா வந்து பேசி முடித்து, வாயில் சர்க்கரை வைத்துக் கல்யாணத்தை உறுதி செய்வதாக ஏற்பாடு.

படித்தால் அந்தத் தெரு அவனிடம் தண்ணீர் வாங்காது. அவன் அம்மாவும் வர மாட்டாள். படிக்காவிட்டால் இனி எந்தப் பாட்டிலையும் எந்த முகத்தோடு படிப்பது?

தெருவுக்குப் போகும் ஆட்டோவில் ஜெயலக்ஷ்மி பாட்டிலைப் பார்த்தாள், சாய்மாவின் முகத்தையும் பார்த்தாள்.

“கண்ணாடிதானேடி. ஸ்பீட் பிரேக்கர்ல விழுந்து உடைஞ்சிடுச்சுன்னு சொல்லிடலாம். நான் வேணா கீழ போடறேன்.”

மத்திய கைலாஷ் சிக்னலில் ஆட்டோ குலுங்கியபோது சாய்மா பதினாலைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“சரி, புரிஞ்சுபோச்சு” என்றாள் ஜெயலக்ஷ்மி.

தெருவில் பெண்கள் குடங்களோடு கூடியிருந்தார்கள். ரெஹானின் லாரியும் வந்திருந்தது. அவன் குழாயைப் பிடித்து நின்றபடி அவளைப் பார்த்துச் சிரித்தான். சாயங்காலத்துக்காக முடி வெட்டியிருந்தான். காதருகில் கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டார்கள்.

சாய்மா தாளை எடுத்தாள். “ஒண்ணு, தெளிவு. ரெண்டு, தெளிவு. மூணு, தெளிவு. நாலு, கறுப்பு. கோடி வீட்டு சம்ப்.” எட்டு வந்தது, போனது. பதிமூன்று வந்தது.

“பதினாலு, கறுப்பு. ரெஹான் வாட்டர் சப்ளை. லாரி. குழாய் முனை.”

குடங்கள் நடுவழியில் நின்றன. முதலில் வாய் திறந்தவள் மீன் விற்கும் சூடாமணி.

“அய்ய, பாப்பா! அது உன் ஆளு லாரியாச்சே?”

யாரோ சிரித்துவிட்டார்கள். இரண்டு பேர் பிடித்த தண்ணீரைத் தரையில் கொட்டினார்கள். ரெஹான் லாரியின் வால்வை மூடினான். நேராக அவளிடம் வந்து பாட்டிலை வாங்கிப் பார்த்தான். முகம் சிவந்திருந்தது. அவள் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான்.

“குழாய் முனைன்னு போட்டிருக்க. டேங்க்ல புடிச்சது எங்க?”

லாரி என்றால் இரண்டு பாட்டில், தொட்டியில் ஒன்று, குழாயில் ஒன்று. அதுவும் அவள் எழுதிய விதிதான். வெள்ளிக்கிழமை தண்ணீர் பிடிக்கும்போது அவன் லாரி மேலே நின்றுகொண்டு, “ஞாயித்துக்கெழம எந்தச் சட்டை போட்டுக்கட்டும்?” என்று கேட்டான். அவள் வெட்கத்தில் முதல் பாட்டிலோடு ஓடிவிட்டாள்.

“மறந்துட்டேன்.”

“நீயா? மறந்துட்டியா?”

“நீங்க சட்டை கேட்டீங்க.”

தெரு முழுக்கச் சிரித்தது. சூடாமணி மட்டும் குனிந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சட்டைய வுடு நைனா. கடைசி வூடு வரைக்கும் இந்த முனைய தரையில போட்டு இழுத்துக்கினு போறியே, அந்தச் சாக்கடைக் காவாய் மேலதான் போவுது. அது கறுக்காம இன்னா பண்ணும்?”

ரெஹான் குழாய் முனையைக் கையில் எடுத்தான். சேறு ஒட்டியிருந்தது.

“இப்பவே ரெண்டும் புடி” என்றான். “ரெண்டு நாள் லாரி நிக்கட்டும். எனக்குப் போட்டியா ஓட்டறானே காஷிஃப், அவன் லாரிய அனுப்பச் சொல்றேன்.”

“அதுலயும் ரெண்டு பாட்டில் பிடிப்பேன்.”

“புடி, புடி. அவன் நாசமா போகட்டும்.” கடைசியில் சிரித்துவிட்டான். உடனே குரல் இறங்கியது. “அம்மாகிட்ட இந்நேரம் யாராவது போன் பண்ணியிருப்பாங்க, சாய்மா. அவங்க இன்னா சொல்வாங்கன்னு எனக்குத் தெரியல.”

நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. அத்தா மெஹபூப் அலி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். அம்மா சமோசாவை மூடி வைத்தாள், திறந்தாள், மறுபடி மூடினாள். “படிக்கறதுதான் படிச்ச, நாளைக்குப் படிச்சிருக்கக் கூடாதா?”

ஐந்துக்கு ஆட்டோ நின்றது. ரெஹானின் அம்மா இறங்கினாள். கையில் சர்க்கரைத் தட்டு இல்லை. பெரிய கைப்பை மட்டும் இருந்தது. ஸலாம் சொல்லி நேராகச் சமையலறைக்குள் போனாள்.

“எங்க லாரி எது?”

சாய்மா காலையில் பிடித்த இரண்டு புதிய பாட்டில்களைக் காட்டினாள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

“என் பையன் பேர தெருவுல வச்சுப் படிச்சியாமே?”

“ஆமா மாமி.”

“கை நடுங்கிச்சா?”

“நடுங்கிச்சு.”

“அப்பவும் படிச்சியா?”

சாய்மா தலையாட்டினாள். அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து, துண்டில் சுற்றிய தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து மேடையில் வைத்தாள்.

“பெருங்குடில எங்க வூட்டுத் தண்ணி. அஞ்சு வருஷமா வயிறு சரியில்ல. யார் யாரையோ கேட்டேன், நல்லாதான் கீதுன்னாங்க. உண்மைய சொல்ற ஆள் வூட்டுக்கே வரப்போவுதுன்னு பையன் போன்ல சொன்னான். இதப் பாரு மொதல்ல.”

அம்மாவின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. “அப்போ சக்கரை?”

“உங்க வூட்டுல இல்லியா? நான் இத புடிக்கற அவசரத்துல மறந்துட்டு வந்துட்டேன்.”

டப்பாவில் சர்க்கரை இருந்தது. மேடையில் கையை வைக்க இடமில்லை. அம்மா டப்பாவை இடுப்பில் வைத்தபடியே எல்லார் வாயிலும் ஒரு சிட்டிகை வைத்தாள்.

லாரித் தொட்டி தெளிவாக இருந்தது. குழாய் முனை மறுபடி கறுத்தது. ரெஹான் புதுக் குழாய் வாங்கினான். அடுத்த ஞாயிறு அதன் முனையைத் தோளில் போட்டுக்கொண்டு, தரையில் படாமல், கடைசி வீடு வரை நடந்தான். “மாப்ள மாலை நல்லா கீது!” என்று சூடாமணி கத்தினாள்.

சாய்மா தாளைப் பிரித்தாள். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ரெஹானின் அம்மா உட்கார்ந்திருந்தாள். லாரியைப் படித்து முடித்ததும் சாய்மாவின் குரல் கம்மியது.

“இருபத்தேழு, கறுப்பு. பெருங்குடி. ரெஹான்... வீட்டு சம்ப்.”

“சத்தமா படிம்மா” என்றாள் அவள் மாமியார். “பின்னாடி கேக்கல.”