அடுப்புப் பள்ளத்தில் நான்கு முழுக்கு

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. எழுதச் சொன்னார்கள். கூலி, ஒரு ஜாடி காடி மீன். ஈஸ்டருக்கென்று இங்கே, கேப் டவுனுக்குத் தள்ளியிருக்கும் இந்த மீன்பிடி ஊரில், எல்லா வீட்டிலும் போடுவது, மஞ்சள் நிறத்தில் வெங்காய வளையங்கள் மிதக்க. பண்டிகை முடிந்த வாரம் அதைக் கையில் தூக்கிக்கொண்டு லெவோனா என் வீட்டுக்கு வந்தாள். அவள் கணவன் கிரான்வில் ஆறு வருடத்துக்கு முன்னால் ஈட்டித் துப்பாக்கியோடு படகிலிருந்து கடலில் இறங்கினான், ஏறவில்லை. உடல் கிடைக்கவில்லை.

"டானி, நீ ஒண்ணு எழுதித் தரணும்" என்றாள்.

(தணிகாசலம் என்ற பெயரை இந்த ஊர் முதல் நாளே டானி ஆக்கிவிட்டது. ஐஸ் ஆலையில் கம்ப்ரஸர் பார்க்க வந்தவன், பத்தொன்பது வருடமாக இங்கேதான். ஊருக்கு மனு, விண்ணப்பம், இரங்கல் உரை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன்.)

"ஜோலீனுக்குப் பதினாறு ஆகுது. ஸ்கூல்ல எவளோ ஒருத்தி சொல்லியிருக்கா, உங்கப்பன் சாகல, வால்விஸ் பே துறைமுகத்துல இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறான்னு. ஊரே சேந்து தேடியாச்சு, ஒரு எலும்பு கூடக் கிடைக்கலியே, அப்போ ஓடித்தானே போயிருக்கணும்னு. இவ வந்து 'நெசமாம்மா'ங்குறா. நான் என்னத்தச் சொல்ல? நீ எழுது. நடந்தத நடந்தபடி எழுது. கடலுக்கடியில அந்த அடுப்புப் பள்ளத்துக்குள்ள போய்த் தேடுனவன் நீதானே. நீ சொன்னா அவ நம்புவா."

ஜாடியை மேசையில் வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மூடியைத் திறந்து, "இந்த வருஷம் காரம் கூடவோ?" என்று கேட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'அன்று கடல் அமைதியாக, கண்ணாடி போல—'

அடித்துவிட்டேன். எங்கள் கடல் எந்தக் காலத்தில் கண்ணாடியாக இருந்தது? அலை கலக்கி, பாசி கரைந்து, சோறு வடித்த கஞ்சி மாதிரிப் பச்சையாகக் கலங்கிக் கிடக்கும். கையை நீட்டினால் விரல் நுனி தெரியாது. அதற்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம். முதுகில் காற்று உருளை எதுவும் கிடையாது. மீன் கண்ணுக்குத் தெரிவதற்குள் முகத்தில் இடிக்கும்.

இரண்டாம் தொடக்கம், படகில்:

"என்னடா டானி, பல்லு தந்தி அடிக்குது? உங்க ஊர்ல ஜூஸுல ஐஸ் போட்டுக் குடிப்பீங்க. இங்க ஐஸுக்குள்ளயே குளிக்கணும்." கிரான்வில் பிளாஸ்க்கைத் திறந்து, குடிக்க வைத்திருந்த ரூயிபோஸ் டீயை என் ரப்பர் உடுப்பின் கழுத்து வழியாக அப்படியே ஊற்றினான். சூடு முதுகுத்தண்டு வழியே இறங்கியது.

"பால் சக்கரையெல்லாம் போட்டது டா பாவி!"

"நல்லதுதானே. ராத்திரி பொண்டாட்டி நக்கிக் குடுப்பா." படகு ஓட்டும் கெர்ட் அண்ணன் சுக்கானைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

இந்தத் தொடக்கம் நன்றாக இருக்கிறது. பெண் பிள்ளை படிக்கப் போகிறாள் என்பதால் கிரான்வில்லின் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டேன். கவனியுங்கள், முதலில் எடுத்தது அதைத்தான். பிறகு கை பழகிவிட்டது.

3

நடந்தது சுருக்கமானது. பாறைத்திட்டின் வெளிப்பக்கம், நுரை கொதிக்கும் இடத்தில், கால்ஜோன் மீனுக்காக இருவரும் இறங்கினோம். ஒருவன் அடியில் இருந்தால் மற்றவன் மேலே இருந்து அவன் மிதவையைப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. அவன் முறை வந்தது. போனான். மிதவை அசைந்தது. பிறகு கயிறு அறுந்து மிதவை மட்டும் தனியே நகர்ந்தது. நான் கத்தினேன், இறங்கினேன், கெர்ட் அண்ணனும் குதித்தார். இருட்டும்வரை தேடினோம்.

இந்தப் பகுதியில் என் தப்பு எதுவுமில்லை. ஆறு வருடமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன், இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருப்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

4

மறுநாள் தேடல். லெவோனாவுக்கு எழுதியதிலிருந்து:

'பாறைத்திட்டின் நடுவே ஒரு பிளவு உண்டு. எந்நேரமும் தண்ணீர் பொங்குவதால் அதற்கு அடுப்பு என்று பெயர். ஏழு மீட்டர் ஆழம், முடிவில் கூரை போட்ட குகை. அலை எதைத் தள்ளினாலும் அதற்குள்தான் கொண்டுபோய்ச் செருகும். அங்கே கண்ணுக்கு வேலை இல்லை, கையால் தடவித்தான் தேட வேண்டும். டானி நான்கு முறை உள்ளே போனான். சுவரைத் தடவினான், தரையைத் தடவினான், குகையின் கடைசி மூலைவரை—'

இந்த டானி என்ற ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. கதாபாத்திரமாகப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை. ரொம்ப தைரியசாலி. இப்படி ஒருவன் வேறு யாராவது எழுதிய கதையில் வந்தால் நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்.

4 (மறுபடியும்)

டானி உள்ளே போனான். பாதி வரை போய்—

இல்லை.

டானி பிளவின் வாயில் கையை விட்டு—

அதுவும் இல்லை.

சரி. படகிலிருந்து பார்த்தால் தெரிந்தது இவ்வளவுதான்: நான் மூச்சிழுத்துத் தலைகீழாக இறங்கினேன், துடுப்புக்கால் மறைந்தது, ஒரு நிமிடம் கழித்து மேலே வந்தேன், கையைக் குறுக்கே ஆட்டினேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். இப்படி நான்கு தடவை.

தண்ணீருக்குள் நடந்தது: மூன்று மீட்டர் இறங்கியதும் ஒரு கெல்ப் பாசித் தண்டு கைக்குக் கிடைத்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அறுபது வந்ததும் மேலே போனேன். இரண்டாம் தடவை அதே தண்டைத் தேடிப் பிடித்தேன். மூன்றாம் தடவை, சீக்கிரம் வந்தால் சந்தேகப்படுவார்களே என்று எழுபதுவரை எண்ணினேன். நான்காம் தடவை மேலே வந்தபோது, மூச்சு வாங்குவதாக நடிக்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.*

*பயம்தான். குளிர் இல்லை, நீரோட்டம் இல்லை. இருட்டில் தடவும்போது என் கையில் அவன் கை பட்டுவிடுமோ என்ற பயம். முந்தின நாள் எனக்கு டீ ஊற்றிய கை.

"முழுசாப் பாத்துட்டியா டா?" என்று கெர்ட் அண்ணன் கேட்டார்.

"மூலைவரைக்கும் போய் வந்துட்டேன் அண்ணே."

அவர் ஐஸ் பெட்டி மூடியில் பாறைத்திட்டின் படத்தைக் கரியால் போட்டு வைத்திருந்தார். அடுப்பின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். என்னைத் தோளில் தட்டி, தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி எனக்குப் போர்த்தினார்.

5

மூன்றாம் நாள் கேப் டவுனிலிருந்து உருளை கட்டிய முக்குளிப்பாளர்கள் வந்தார்கள். முதல் கேள்வியே, "அந்தப் பிளவுக்குள்ள பாத்தீங்களா?" என்பதுதான். கெர்ட் அண்ணன் மூடியைக் காட்டினார். "அடுப்பு முடிஞ்சுது. நம்ம டானி நாலு தடவ போய் வந்துட்டான். அவன் சொன்னா சொன்னதுதான்." நான் பக்கத்தில்தான் நின்றேன், ரொட்டி தின்றுகொண்டு. அவர்கள் இரண்டு நாள் வெளிப்பக்கம் தேடினார்கள். பிறகு பெரிய அலை வந்தது, கிளம்பிப் போனார்கள்.

கிரான்வில்லின் இடுப்பு வாரில், மிதக்காமல் அடிக்கு இறங்குவதற்காக, ஏழு ஈயக் கட்டிகள். நானும் அவனும் அவன் வீட்டுப் பின்கட்டில் ரொட்டி அச்சில் உருக்கி ஊற்றியவை. ஒவ்வொன்றிலும் ஆணியால் அவன் பெயரின் முதல் எழுத்தைக் கீறியிருந்தான். உடம்பு என்னவாயிருந்தாலும் ஈயம் எங்கேயும் போகாது. அடுப்புக்குள் அவன் போயிருந்தால் இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. அதில் ஒரு கட்டி போதும், வால்விஸ் பே கதையை முடித்து வைக்க. ஜோலீன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தால் போதும்.

அவன் ஓடிப்போனான் என்று ஊர் சொல்வதற்கு அந்தப் பெருக்கல் குறியும் ஒரு காரணம். அதைப் போட வைத்தவன் நான்.

6

முடிவுகள்:

(அ) டானி போய் எல்லாவற்றையும் சொல்கிறான். லெவோனா அழுதபடி மன்னிக்கிறாள். [இதை எழுதும்போது எனக்குச் சுகமாக இருந்தது. அதனால் நீக்கினேன்.]

(ஆ) டானி அடுப்புக்குள் இறங்கித் தேடுகிறான். ஈயம் கிடைக்கிறது. [அல்லது கிடைக்கவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவன் உள்ளே போகும் வாக்கியத்தை என்னால் எழுத முடியவில்லை.]

(இ) நடந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை அந்த நான்கு பக்கத்தை, இந்த ஊர் மொழியில் எழுதியதை, கொண்டுபோய்க் கொடுத்தேன். லெவோனா அடுப்படியில் நின்று சத்தம் போட்டுப் படித்தாள். டீ ஊற்றிய இடத்தில் சிரித்தாள். தேடும் இடத்தில் நிறுத்தி, இடுப்பில் கட்டிய ஏப்ரன் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கூடப் பொறந்தவன் கூட இப்படித் தேடியிருக்க மாட்டான் டானி" என்றாள்.

ஜோலீன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அப்பனின் அதே புருவம்.

"அங்கிள் டானி, அந்தக் கடைசி மூலை. அங்க கைய வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு."

"நல்லாத் தடவிப் பாத்தீங்களா? எதுவுமே தட்டுப்படலியா?"

"எதுவுமே இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தாயிடம் திரும்பி, "அப்போ ஸ்கூல்ல அவ சொன்னது சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. லெவோனா தாளை மடித்துக்கொண்டு நின்றாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அது என் ஐந்தாவது முழுக்கு.

7

அன்று இரவு அல்ல, மறுநாள் ஆலைக்குப் போகாமல் இதை எழுத உட்கார்ந்தேன். தமிழில். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தாய்மொழியில்தான் உண்மை வரும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். லெவோனாவால் படிக்க முடியாது, அதனால்தான் தமிழ். மறுபடியும் அந்தத் தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் படித்துவிட்டீர்கள். இப்போது இது எனக்கும் உங்களுக்கும் தெரியும். சனிக்கிழமை கடல் தணியும் என்கிறார்கள், கெர்ட் அண்ணனின் படகு எட்டு மணிக்கு இறங்குகிறது, ஒரு இடம் காலி. நான் போவேனா என்று என்னைக் கேட்காதீர்கள். போய்த் தேடினேன் என்று நான் வந்து சொன்னால் நம்பவும் செய்யாதீர்கள்.

லெவோனாவின் வீடு துறைமுகச் சாலையில், பச்சைத் தண்ணீர்த் தொட்டி வைத்தது. நாய் குரைக்கும், கடிக்காது. கதவைத் திறப்பது ஜோலீனாகத்தான் இருக்கும். நீங்கள் போய் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: அடுப்புக்குள் இதுவரை யாரும் தேடவில்லை.