டெய்சிக்கு ஐஸ்

“மீனு வேணாம், ஐஸ் மட்டும் போதுமா? நல்லா இருக்குடி உன் கூத்து!”

மொபெட்டை நிறுத்திய சந்திரலேகா, சங்கரா மீன்களுக்கு அடியில் கிடந்த ஐஸை வாரி ஈஸ்வரியின் அன்னக்கூடையில் போட்டாள். தரங்கம்பாடியிலிருந்து மீன் கொண்டு வருகிறவள். மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் இதே கதைதான். ஈஸ்வரி கவுச்சி போக ஐஸை அலசி, கொல்லைப் பாத்தியில் செடிகளின் தூரைச் சுற்றி அடுக்குவாள். தெருப் பூனைகள் ஒன்றுவிடாமல் வந்து மோந்து பார்த்து, ஏமாந்து, அவளை முறைக்கும்.

ஷாஸ்டா டெய்சி. மஞ்சள் பொட்டு வைத்த வெள்ளைப் பூ. போனில்தான் பார்த்திருக்கிறாள். கனடாவில் ஒரு முதியோர் இல்லத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன் குணசேகரன், ஊருக்கு வந்த நண்பனிடம் விதை கொடுத்தனுப்பியிருந்தான்.

“பனிக்கு அடியில செத்த மாதிரி கெடக்கும் ஈஸ்வரி. உருகினதும் அதே வேர்லேருந்து எந்திரிச்சு வரும். வருஷா வருஷம். நம்மூர்ல பூத்துட்டா சொல்லு, மறுநாளே டிக்கெட் போட்டுடறேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள்தான் சிரிக்கவில்லை. போன வருஷம் முழுக்க வெறும் இலை. பனிதானே கேட்கிறது? இந்த ஊர்ப் பனி வைக்கோல்போரின் மேல்பக்கத்தை நனைப்பதோடு சரி. யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தபோதுதான் சந்திரலேகாவின் மீன்பெட்டி கண்ணில் பட்டது.

மாசியில் ஒரு மொட்டு வந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அது விரிந்த காலையில், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அழுத்துவதற்குள் அதுவே அடித்தது, வீடியோ கால். திரையில் குணசேகரன்.

“ஈஸ்வரி, கோவிச்சுக்காத. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நானும் சரின்னுட்டேன்.”

அவள் போனை மெல்லத் திருப்பினாள், பின்னால் சுவர் மட்டும் தெரிகிற மாதிரி.

“செடி என்னாச்சு? பூத்துச்சா?”

“இன்னும் இல்லைங்க.”

“அதானே! நம்ம வெயிலுக்கு அது எங்க பூக்கப்போவுது?”

அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அவளுக்கு அது கேட்டுவிட்டது.

மறுநாள் ஐஸோடு கொல்லைவரை வந்துவிட்ட சந்திரலேகா வாயில் கை வைத்தாள். “அடியே! பூத்துடுச்சேடி! இனிமே எதுக்கு ஐஸ்?”

ஈஸ்வரி அன்னக்கூடையை நீட்டினாள். “இன்னும் பூக்கலக்கா. போடுங்க.”

சந்திரலேகா பூவைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாரிப் போட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் உருகிவிடப்போகும் ஐஸின் நடுவே அந்த ஒற்றைப் பூ நின்றது. அதற்கு எதிரே ஒரு பூனை, வால் சுருட்டி உட்கார்ந்து, மீன் வருமென்று பார்த்துக்கொண்டிருந்தது.