நாற்பது பீப்பாய்க்கு முட்டை

தேய்பிறை தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. வடகாற்றில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆரோ நகரில், அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டு ஒயினை வேறு பீப்பாய்க்கு மாற்ற இதைவிட நல்ல ஜனவரி நாள் அமையாது. ஆனாலும் நியேவெஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையிலிருந்து நிலவறைப் படிகளில் ஏழு தடவை ஏறி இறங்கிவிட்டாள்.

காரணம் ஒயின் மட்டுமல்ல. அங்கே பீப்பாய் செய்யும் எலாடியோ, மூன்று வருடத்துக்கு முன்பு, தன்னை மணந்துகொள்ளச் சம்மதமா என்று அவளைக் கேட்டிருந்தார். கணவனை இழந்து பத்து வருடம் தனியாக இருந்தவள், மறுக்கவும் மனமில்லாமல், இந்த ஒயின் பாட்டிலுக்குப் போகட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவைத்தாள். ஒயினைத் தயாரிப்பது அவள். எப்போது பாட்டிலில் அடைப்பது என்று தீர்மானிப்பவளும் அவளே. நான்கு வருடம் பீப்பாயில் கிடக்க வேண்டியது, ஏழாவது குளிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது தெற்கே ஹெரெஸிலிருந்து எலாடியோவுக்கு வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இதை அவர் சொல்லவில்லை. பாட்டில் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தங்கை ரொசௌராதான் சொன்னாள்.

"இந்த வருஷமாவது முட்டைக்குச் சொல்லட்டுமா அக்கா? இல்ல, அந்த மனுஷனுக்குப் பல்லெல்லாம் கொட்டட்டும்னு காத்திருக்கியா?"

பாட்டிலில் அடைக்குமுன் பீப்பாய்க்கு நான்கு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றித்தான் ஒயினைத் தெளியவைப்பார்கள். மஞ்சள்கரு பேக்கரிக்குப் போகும். நியேவெஸ் எட்டாவது தடவையாக இறங்கினாள்.

உதவிக்கு இருக்கும் ஆளுக்குக் காய்ச்சல் என்று எலாடியோவே பீப்பாய்க் குழாயருகே உட்கார்ந்திருந்தார். மெழுகுவர்த்திச் சுடருக்கு முன்னால் கண்ணாடிக் கோப்பையைப் பிடித்து, இறங்கும் ஒயினைப் பார்ப்பது அவள் வேலை. வண்டல் வந்து கலங்கும் நொடியில் "போதும்" என்பாள், அவர் மூடுவார்.

ஐந்தாவது பீப்பாயில் அவள் "போதும்" என்றதும், அவர் மூடிவிட்டு மரத்தை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார்.

"உள்ள இன்னும் பத்து லிட்டராவது இருக்கு. தெளிவாத்தானே வந்துச்சு?"

"கலங்கிடும்னு தோணுச்சு."

"தோணுச்சா, கண்ணால பாத்தீங்களா?"

அவள் கோப்பையை மறுபடி சுடருக்கு முன்னால் பிடித்தாள். துளிகூடக் கலங்கவில்லை. கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் ஒரு ஒயினை அவசர அவசரமாக அடைத்தாள். அத்தனை பாட்டிலும் கலங்கித் திரும்பி வந்தன. அதே குளிர்காலத்தில் அவரும் போய்விட்டார். அன்றிலிருந்து எதையும் முடித்து மூடிவைக்க அவளுக்குப் பயம்.

"ஹெரெஸ்ல நல்ல வெயிலாமே" என்றாள், சுடரைப் பார்த்தபடி.

"வெயில் இருக்கும். சண்டை போடத்தான் ஆள் இருக்காது."

ஆறாவது பீப்பாய். ஒயின் பழைய மாணிக்கம்போல் இறங்கியது. "போதும்" நாக்கு நுனிவரை வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. தெளிவு, இன்னும் தெளிவு. கடைசியில் சுடருக்கு முன்னால் புகை இழைபோல் ஒன்று நெளிந்தது.

"போதும்."

அவர் தட்டிப் பார்த்தார். சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

புதுப் பீப்பாயிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சுவைத்தாள். உலர்ந்த செர்ரி, தோல் வாசனை, ஓரத்தில் உயிரோடு ஒரு புளிப்பு. இன்னொரு வருடம் விட்டால் பழச்சுவை வற்றி மரச்சுவைதான் மிஞ்சும். போன வருடமே அவளுக்கு அது தெரியும்.

படியேறிப் பாதியில் நின்று, கீழே இருப்பவருக்கும் கேட்கிறாற்போல் குரல் கொடுத்தாள்.

"ரொசௌரா, நாற்பது பீப்பாய்க்கும் முட்டை சொல்லிடு. மஞ்சக்கரு பேக்கரிக்கு வேணாம்."

"நூத்தி அறுபது மஞ்சக்கருவை வச்சு என்னக்கா பண்ணப்போறே?"

"கல்யாணப் பலகாரத்துக்குத்தான். எத்தனை பேருக்குன்னு எலாடியோவைக் கேளு. அவர் பக்கம்தான் கூட்டம் ஜாஸ்தி."

கீழே ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. மெழுகுவர்த்தி அணைந்துபோனது.