மேலே ஒரு விசில்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் ஆரம்பித்தது. கல்லூரி மலருக்கு நகைச்சுவையாக ஏதாவது வேண்டும் என்றார்கள். 'ராக் கிட்டார் ரசிகர்கள் எலக்ட்ரானிக் இசை கேட்பது எப்படி' என்று தலைப்பிட்டு உட்கார்ந்தேன். முதல் பத்தி இது:

"சலவை இயந்திரத்தின் முன் நாற்காலி போட்டு உட்காரவும். தலையை ஆட்டவும். துணி பிழிந்து முடிந்ததும் கைதட்டவும்."

மோசமில்லை. இரண்டாம் பத்தியில் என் நண்பனைக் கிண்டல் செய்யப் போனேன். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. இனி நீங்கள் படிக்கப்போவது அது படுத்த இடத்தில் முளைத்தது.

2

நண்பன் பெயர் இடி. எங்கள் ராக் குழுவில் டிரம்ஸ். நான் கிட்டார், ஆகவே கம்பி. (பாடகன் ஒருவனும் உண்டு. கதைக்குத் தேவையில்லை. குழுவுக்கும் அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை.) டயர் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் ஒத்திகை. இடி சிம்பல் தட்டை அடித்தால் கூரையும் சேர்ந்து வாசிக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார் டயர் கடைக்காரர். பஞ்சு வைத்துக்கொண்டு ராக் வாசிப்பது குடை பிடித்துக்கொண்டு குளிப்பது மாதிரி.*

* இந்த உவமையை அன்று சொன்னவன் இடி. கொட்டகையே சிரித்தது. நீக்கிவிடலாமா என்று இருமுறை யோசித்தேன். இருக்கட்டும்.

3

அப்படிப்பட்டவன் திடீரென்று டிரம்ஸை விற்றான், லேப்டாப்பைத் திறந்தான், அறைக்கதவை மூடினான். என் கணக்கில் இது ராக்கிலிருந்து எலக்ட்ரானிக்குக் கட்சித் தாவல். பேச்சுவார்த்தை நின்றது.

[ஏன் தாவினான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் எனக்கே அப்போது தெரியாது. கொஞ்ச நேரம் சேர்ந்தே தெரியாமல் இருப்போம்.]

பல மாதங்கள் கழித்து அவனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: 'ஒண்ணு முடிச்சிருக்கேன். வந்து கேளு.' போனேன். அவன் அம்மா கதவைத் திறந்தார்.

"வாப்பா. அவன் ரூம் கதவைத் தட்டித் தட்டி என் கைதான் வலிக்குது. அந்த ஹெட்போனைக் கழட்டித் தொலைக்கச் சொல்லு, நீ சொன்னாலாவது கேப்பான்."

ஹெட்போன் கூடத்து மேசைமேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே "சொல்றேம்மா" என்று உள்ளே போனேன். இந்த அம்மாவைக் கதையிலிருந்து எடுத்துவிடலாம் என்றுகூட முதல் வரைவில் நினைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

4

கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தன் பாட்டை ஓடவிட்டான் இடி.

தொம். தொம். தொம். மறுபடி தொம். யாராவது தனியாக முன்னே வந்து வாசிக்கும் சோலோ வரும் என்று காத்திருந்தேன், வேலைநிறுத்த நாளில் பேருந்துக்குக் காத்திருப்பவன் மாதிரி. வரவில்லை. மேலே மட்டும் ஒரு மெல்லிய விசில், எங்கோ ஒரு வீட்டில் கெட்டிலை அடுப்பில் மறந்துவிட்டது போல, தொடக்கத்திலிருந்து கடைசிவரை.

முடிந்ததும் என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்லியாக வேண்டும். எதுவும் பிடிபடவில்லை. என் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஊளையிடுவதை லேசாக நினைவுபடுத்தியது அந்த விசில் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த விசில் செம்மடா. கடைசி வரைக்கும் இறங்காம நிக்குது பாரு, அந்தத் தில்லு வேற யாருக்கு வரும்!"

"என்ன விசில்?"

"நடிக்காத. முழுக்க ஊதுதே."

திரையில் பாட்டின் ஒவ்வொரு ஒலித்தடமாகத் தேடினான். கடைசித் தடத்தில், சுருதியின் உயரத்தைக் காட்டும் கட்டத்தின் உச்சியில், முடி மாதிரி ஒரு கோடு. சோதனைக்குப் போட்டு அணைக்க மறந்த ஒலி. ஒரு தடத்தை மட்டும் தனியாகக் கேட்பதற்கு அந்த மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அதன் பெயர் சோலோ. அழுத்தினான்.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப ஓடுதா?" என்றான்.

5

அவன் கண்களில் மெல்ல

அறையில் ஒரு நீண்ட மௌனம்

(இரண்டும் அடித்துவிட்ட வரிகள். மௌனமெல்லாம் இல்லை. விசில் ஊதிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு மட்டும்.)

"முதல்ல சைக்கிள் பெல் போச்சு" என்றான். "அப்புறம் மைக்ரோவேவ் பீப். அப்புறம் உன் சோலோ."

"என்னோடதா?"

"அது போனப்ப கொஞ்சம் நிம்மதியாத்தான்டா இருந்துச்சு."

சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

"திரும்ப வருமா?"

"போனது போனதுதானாம். டாக்டர் சொல்லிட்டாரு. மேல் சுருதியில இருந்து கீழ இறங்கிட்டே இருக்கு." ஸ்பீக்கரைத் தட்டினான். "இது மட்டும் காதைக் கேக்காம நேரா நெஞ்சுக்குள்ள வருது. அதான் இந்தப் பக்கம் வந்தேன். இதுவும் எத்தன நாளோ."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஹெட்போன்னே நினைச்சுக்கட்டும் விடு."

6

அதன்பின் மாலையில் போக ஆரம்பித்தேன். இன்னொரு ஸ்பீக்கர் என் கைக்கு.

"சோலோக்கு நிக்காத. இங்க யாரும் முன்னாடி வந்து நிக்க மாட்டாங்க. எது இல்லாமப் போச்சுன்னு மட்டும் கேளு."

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது என்பது அது நிற்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அப்படித்தான் இந்த இசை. ராக்கில் ஒருவன் வருவது சம்பவம். இதில் ஒன்று போவது சம்பவம். தாளத்துக்கு அடியில் ஏதோ நழுவும், வயிற்றில் ஒரு படி தவறும், அதுவரை அது அங்கே இருந்ததே அப்போதுதான் உறைக்கும். இதை எழுதும்போது என் கிட்டார் மூலையில் நின்று முறைக்கிறது.

எனக்குப் பிடித்துவிட்டது. விசிலோடு பிடித்துவிட்டது என்பதுதான் சிக்கல். கீழே அந்தத் தொம் யாரோ இருட்டில் நடப்பது மாதிரி இருக்கிறது. மேலே விசில் இருப்பதால்தான் அது எவ்வளவு பெரிய இருட்டு என்று தெரிகிறது. ஆனால் அவன் செய்த பாட்டில் விசிலே கிடையாது. நான் ரசிப்பது அவன் கேட்டிராத பாட்டு.

7

இன்று அதை இணையத்தில் ஏற்றப்போகிறான். மௌஸ் அந்தத் தடத்தின்மேல் நிற்கிறது.

"எடுக்கவா, விடவா? நீதான் சொல்லணும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

முடிவு அ: 'எடு' என்கிறேன். முதல்முறையாக நாங்கள் இருவரும் ஒரே பாட்டைக் கேட்கிறோம். பாட்டு நொண்டுகிறது. "நல்லாருக்கா?" என்கிறான். நான் மறுபடியும் பாராட்ட வேண்டியிருக்கிறது.

முடிவு ஆ: 'விடு' என்கிறேன். ஊரெல்லாம் அந்த விசிலையே பேசுகிறது. தனக்குக் கேட்காத ஒன்றுக்கு நன்றி சொல்லிக்கொண்டே திரிகிறான் இடி.

முடிவு இ: தொலைபேசி மணி அடிக்கிறது. அது அவனுக்குக் கேட்கி

(வெட்கமாக இல்லையா எனக்கு.)

வேறு முடிவு என்னிடம் இல்லை. அவன் காத்திருக்கிறான். என் கண்ணைப் பார்க்கிறான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன், வாயைப் பார்க்கிறான். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக. உதடு தெரிகிற மாதிரி.