சுருட்டையும் மூன்று டோப்பாவும்

சுருட்டைக்குச் சுருட்டை முடி கிடையாது. நேரான முடியும் கிடையாது. உச்சந்தலையில் முடி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. மற்றவர்களுக்கு அவர் சலூன் வைத்திருக்கும் சுருட்டை அண்ணன். தன் தலையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கடைக்குள் ஏறுகிறார்கள் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. முடி வெட்டுகிறவனே வழுக்கையாக இருந்தால் எவன் தலையைக் கொடுப்பான்?

அதனால் டோப்பா. ஒன்றல்ல, மூன்று. குட்டை, நடுத்தரம், நீளம். முறையாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் முடி வளர்வது போலவே இருக்கும். நீளம் முடிந்ததும் மறுபடி குட்டை, கேட்டால், "நேத்துதான் வெட்டிக்கிட்டேன்." ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் குட்டைக்கு மறுநாளே நீளத்தை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஒரே ராத்திரியில இவ்வளவா! என்ன எண்ணெய் அண்ணே?" என்று மொய்த்துவிட்டார்கள். வாய்க்கு வந்த ஒரு எண்ணெயைச் சொல்லித் தப்பித்தார். பாவம், அதை வாங்கித் தேய்த்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இந்தப் பொய்யைக் கட்டிக் காப்பது தினமும் பெரும்பாடு. கை வாடிக்கையாளர் தலையில் இருக்கும், கண் எதிர்க் கண்ணாடியில் தெரியும் தன் தலையில் இருக்கும். மின்விசிறி ஒன்றாம் நம்பரைத் தாண்டவே தாண்டாது. வாசலில் காற்றடித்தால் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவார். மனுஷன் கடையில் இருந்தும் கடையில் இல்லை.

அன்று காலை, காத்திருந்த ஒருவர் வேர்வை தாங்காமல் எழுந்து விசிறியை முழு வேகத்துக்குத் திருகிவிட்டார். சுருட்டை அப்போது நாற்காலியில் இருந்தவருக்குக் காதோரம் வெட்டிக்கொண்டிருந்தார். டோப்பாவின் ஓரம் எழும்பியது. கை பதறிக்கொண்டு தலைக்குப் போனது. போகிற வழியில் கத்தரி நுனி அந்த மனிதரின் காதைக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். "பரவாயில்லண்ணே, ஏதோ யோசனையில இருந்துட்டீங்க" என்று பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு அவர் போய்விட்டார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் பார்க்காத கை அது. சுருட்டைக்கு அவமானமாக இருந்தது. தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மதியம் மாடி வீட்டுக்குச் சாப்பிடப் போனவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, சாப்பாடு ஆறுது" என்றாள் மனைவி.

"ஒருத்தர் காதைக் கீறிட்டேன்."

"கண்ணு எங்க இருந்துச்சு?"

"என் தலையில." ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். "இதைக் கழட்டிப் போட்டுடலாமான்னு இருக்கு. ஆனா நாளைக்கு ஒருத்தனும் வரலைன்னா என்ன பண்றது? கடையே போயிடுமே."

"முடியைக் கட்டி மலையை இழுன்னு சொல்லுவாங்க. வந்தா மலை, போனா முடி. உங்களுக்குப் போறதுக்கு முடியும் இல்ல. அப்புறம் என்ன பயம்?"

சுருட்டைக்குப் புரை ஏறியது. அவள் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். "கடை உங்க கையால ஓடுதுங்க. தலையால இல்ல."

அவர் டோப்பாவைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். 

கடைக்குள் தபால்காரர் உட்கார்ந்திருந்தார். பல வருஷத்து வாடிக்கை. நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணன் இல்லீங்களா?" என்றார்.

"நான்தாங்க அண்ணன்."

தபால்காரர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. எழுந்து போய்விடுவார் என்று சுருட்டை எதிர்பார்த்தார். அவரோ எழுந்து, நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்து, "சீக்கிரம் வெட்டுங்க, வேலைக்குப் போகணும்" என்றார்.

துணியைப் போர்த்தி, சீப்பை எடுத்து, சுருட்டை குனிந்து பார்த்தார். கண்ணாடியில் காவல் காக்க இனி எதுவும் இல்லை. காதுக்குப் பின்னால் நரை ஓடியிருந்தது. பிடரியில் ஒரு மச்சம். உச்சியில் சீப்பை விட்டவர் அப்படியே நின்றார்.

"உங்களுக்கு ரெட்டைச் சுழியா சார்! அதான் பின்னாடி எப்பவும் நட்டுக்கிட்டு நிக்குதா?"

"பொறந்ததுல இருந்து இருக்கு. நீங்கதானே இத்தனை வருஷமா வெட்டுறீங்க?"

"பாக்கவே இல்லையே."

"எங்க பாத்தீங்க? எப்பவும் கண்ணாடியில உங்களைத்தானே பாத்துட்டிருப்பீங்க. ஆளுக்கு அழகுல ரொம்பக் கர்வம்னு நெனச்சுக்கிட்டேன்."

சுருட்டைக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அதைவிட, மனசு லேசாக இருந்தது. ஒரு சுழி போகும் திசைக்கும் இன்னொரு சுழி போகும் திசைக்கும் சீப்பைத் திருப்பித் திருப்பி, ரசித்து வெட்ட ஆரம்பித்தார். வாசலில் யாரோ நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். யாரென்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.